வரதர் சூட்டிய பெயர்! - ராஜாஜி வம்சத்தின் கதை

'குறை ஒன்றும் இல்லை' பாடலை எம்.எஸ். அம்மாவின் குரலில் கேட்டு உருகாதவர் நம்மில் உண்டா? அதை எழுதியவர் மூதறிஞர் ராஜாஜி என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சி.ராஜகோபாலாச்சாரி என்ற அவரது பெயரில் உள்ள 'சி' எதைக் குறிக்கிறது, தெரியுமா?

தகப்பனார் பெயரை அல்ல. 'சக்கரவர்த்தி' என்ற குடும்பப் பெயரை! அரச வம்சமோ என்று எண்ணிவிடாதீர்கள். நல்லான் சக்கரவர்த்தி என்ற வைஷ்ணவ அடியாரின் வழிவந்த குடும்பம் இது.

காஞ்சிபுரம் பக்கம் வாழ்ந்தவர் அந்த அடியார். ஒருநாள் ஆற்றில் ஒரு சடலம் மிதந்து வந்தது. யார் பெற்ற பிள்ளையோ, என்ன குலமோ... தோளில் மட்டும் சங்கு-சக்கர முத்திரை! பெருமாளின் அடியாரை அநாதையாக விடலாமா? கரையேற்றி, மகன் ஸ்தானத்தில் நின்று ஈமக்கடன் செய்தார். ஊர் கொதித்தது, அவரைத் தள்ளி வைத்தது. அப்போது காஞ்சி வரதரே பரிந்து வந்து, ஊருக்கு ஆகாத அவர் தமக்கு நல்லவர் என்று உணர்த்தினாராம். அதனால் வந்ததே நல்லான் என்ற திருநாமம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

அந்த வம்சத்தில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளி கிராமத்து முன்சீப் வேங்கடார்யர் - சிங்காரம்மா தம்பதிக்கு 1878 டிசம்பர் 10-ல் பிறந்தார் ராஜாஜி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புற மண் அது.

முன்னோரின் ஈரம் பேரப்பிள்ளையிடமும் சுரந்தது. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் ஒருவர் முதன்முறையாக அங்கே உறுப்பினராக வழி செய்தார். 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் தொடங்கி, எல்லா சாதியினரும் ஒன்றாக வாழச் செய்தார். 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்ட அன்பர்களை மதுரை மீனாட்சி சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். எதிர்ப்பு கிளம்பியதும் அதற்குச் சட்டப் பாதுகாப்பு தந்தது, ராஜாஜியின் அரசுதான்!

வீட்டிலும் அப்படியே. மகள் லட்சுமியை, 1933-ல் காந்திஜியின் மகன் தேவதாஸுக்கு மணம் முடித்தார். அது கலப்புத் திருமணம். மகன் நரசிம்மன் கிருஷ்ணகிரி எம்.பி. ஆனார். பேரன் ராஜ்மோகன் காந்தி தாத்தாவின் வாழ்க்கையை நூலாக எழுதினார். 1947-ல் ராஜாஜி முதல் கவர்னராக அமர்ந்த மேற்கு வங்கத்துக்கு, 2004-ல் இன்னொரு பேரன் கோபாலகிருஷ்ண காந்தி கவர்னராக வந்தார்!

1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி மறைந்தார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லம். ஓசூர் மலைமீதுள்ள சந்திரசூடேஸ்வரரை தரிசிக்கப் போகும்போது, அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.

அமாவாசை தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்கிறோம். பெயரோடு, அவர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். அதைவிடப் பெரிய சொத்து எது, சொல்லுங்கள்?