பவளத் தீவும் பேரறிஞர் டார்வினும்

சிறு துளி பெரு வெள்ளம் என்பது நம் முன்னோர் வாக்கு. கடலுக்கடியில் இதனை மெய்ப்பித்துக் காட்டும் உயிர் ஒன்று உண்டு. அதுவே பவளப்பூச்சி. மிகச் சிறிய இவ்வுயிர்கள் கோடிக்கணக்கில் கூடிச் சுண்ணாம்புக் கூடு கட்டிப் பெரும் பாறைகளை எழுப்புகின்றன. பவளத் தீவுகள் தோன்றும் விதத்தை ஆராய்ந்து விளக்கியவர் சார்லஸ் டார்வின். பரிணாமக் கொள்கையால் அவரை அறிந்த நம்மில் பலர் இதனை அறியோம்.

டார்வின் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். எட்டு வயதில் அன்னையை இழந்தார். மருத்துவரான தந்தை மகனையும் மருத்துவம் பயில எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் அறுவைச் சிகிச்சையைக் காணச் சகியாமல் அவர் அப்படிப்பைக் கைவிட்டார். பின்னர்ச் சமயப் பணிக்கென்று கேம்பிரிட்ஜில் பயின்றபோதும் வண்டுகளைச் சேகரிப்பதிலேயே அவர் மனம் சென்றது. அவ்வார்வத்தை உணர்ந்த பேராசிரியர் ஹென்ஸ்லோவின் பரிந்துரையால், 1831 டிசம்பர் 27-இல் 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றப் புறப்பட்டார்.

1836 ஏப்ரலில் கப்பல் இந்துமாக் கடலிலுள்ள கீலிங் தீவுகளை அடைந்தது. நடுவில் அமைதியான நீர். சுற்றிலும் வளையம் போன்ற பவளத் தரை! எரிமலைத் தீவைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. தீவு மெல்ல அமிழ அமிழப் பவளம் மேல்நோக்கி வளர்கிறது. தீவு மறைந்த பின்னும் வளையம் நிற்கிறது. இதனை 1842-இல் நூலாக வெளியிட்டார். நோயும், அருமை மகள் ஆனியின் மரணமும் வாட்டியபோதும் ஆராய்ச்சியைக் கைவிடாத அவர் 1882-இல் மறைந்தார். 1952-இல் பசிபிக் கடலிலுள்ள எனிவெடாக் தீவில் துளையிட்டபோது, 1200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தென்பட்டது. அவர் கூற்று மெய்யாயிற்று.

அந்நூலில் மற்றோர் அரிய செய்தியும் உண்டு. ஆலன் என்னும் மருத்துவர் 1830 டிசம்பரில் மடகாஸ்கர் கரையோரம் பவளத் துண்டுகளைப் பெயர்த்தெடுத்து, ஆழமற்ற மணல் திட்டில் முளையடித்து நிறுத்தினார். அடுத்த ஜூலையில் அவை அசைக்க முடியாதவாறு ஊன்றிப் பல அடி வளர்ந்திருந்தன. உடைந்த துண்டும் உறுதியான பிடிப்புக் கிடைத்தால் பிழைக்கும் என்பதை இது காட்டுகிறது.

இவ்வுண்மை இன்று நம் தமிழகக் கடலுக்கு உதவுகிறது. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தனர். இரு தீவுகள் நீரில் மூழ்கின. 2001-இல் பவளத்திற்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. 2002 முதல் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பவளக் கிளைத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் பொருத்திக் கடலடியில் வளர்த்து வருகின்றனர்.

ஆயினும் 2010-இலும் 2016-இலும் கடல் வெப்பம் மிகுந்து பவளங்கள் வெளுத்தன, பல மடிந்தன. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் உலகமே சூடேறுகிறது. பழுப்பு நிலக்கரியால் வாழும் நெய்வேலியின் மாணவியராகிய நாம் இதனை மறக்கலாகாது. சுரங்க மண்மேட்டில் மரம் வளர்க்கத் தெரிந்த ஊர் நம்முடையது. வீணாக எரியும் ஒரு விளக்கை அணைப்பதும் கடலுக்குச் செய்யும் தொண்டே. இறைவன் படைத்த சிற்றுயிரையும் டார்வினைப் போல் பொறுமையோடு உற்று நோக்குவோம். உடைந்ததை ஒட்டி வளர்ப்போம்!