பாஸ்கரர் தள்ளிவைத்த விடை

தாம் பிறந்த ஆண்டையும் நூல் இயற்றிய வயதையும் தாமே செய்யுளிற் குறித்து வைத்துச் சென்ற பழைய ஆசிரியர்கள் பாரத நாட்டில் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் பாஸ்கராசாரியர். சக ஆண்டு 1036இல் தாம் பிறந்ததையும், 36ஆம் வயதிலே சித்தாந்த சிரோமணி என்னும் பெருநூலை இயற்றியதையும் அவர் ஐயத்துக்கு இடமின்றிக் கூறியுள்ளார். கிறிஸ்து ஆண்டுக் கணக்கில் 1114இல் பிறப்பு, 1150இல் நூல். பொலனறுவையில் முதலாம் பராக்கிரமபாகு அரசனாவதற்கு 3 ஆண்டு முந்திய காலம் அது என்றால், நம் நாட்டு வாசகர்க்குக் காலம் மனத்திற் பதியும். ஏழாம் நூற்றாண்டில் இதே பெயருடன் வேறொரு கணிதர் வாழ்ந்தமையால், இவரை இரண்டாம் பாஸ்கரர் என்று அழைப்பது வழக்கம்.

இலக்கியப் பகுதியிலே கணிதருக்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். அவர் எழுதியது செய்யுள். மல்லிகையை நாடும் வண்டும், பாம்பின்மேற் பாயும் மயிலும், கன்னன்மேல் அருச்சுனன் தொடுத்த அம்பும் அவருடைய கணக்குகளின் உள்ளே வாழ்கின்றன. வெள்ளவத்தையிலே மாலை வகுப்புகளில் அட்சரகணிதம் கற்பித்து வரும் எனக்கு, இருபடிச் சமன்பாடு வரும் தவணையெல்லாம் அவர் ஒரு சக ஆசிரியர் போலவே பக்கத்தில் நிற்கிறார்.

அவருடைய குலம் கல்விக்குப் பெயர் பெற்றது. சாண்டில்ய கோத்திரத்து அந்தணர். தலைமுறை தலைமுறையாக அறிஞர்கள். தந்தையார் மகேசுவரர் சோதிட நூல் வல்லவர். மகனுக்கு ஆசானும் அவரே. சஹ்ய மலையை அடுத்த விஜ்ஜடவிடம் தம் ஊர் என்று பாஸ்கரர் எழுதுகிறார். அவ்வூர் இன்றைய எவ்வூர் என்பதில் அறிஞர்கள் ஒத்துப் போவதில்லை; மகாராட்டிரத்துச் சாளிஸ்காமை அண்டியது என்பாரும், கன்னட நாட்டு விஜயபுரமே என்பாரும் உளர். குடும்பத்தாரின் கல்வெட்டு ஒன்று சாளிஸ்காமை அடுத்த பாட்டண் என்னும் இடத்திலே கிடைத்திருப்பதால் நான் முதற் கட்சியின் பக்கமே சாய்கிறேன். அக்கல்வெட்டைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

சித்தாந்த சிரோமணி நான்கு பகுதிகளை உடையது. எண்கணிதம் கூறும் லீலாவதி, அட்சரகணிதம் கூறும் பீஜகணிதம், கோள்களின் இயக்கம் கூறும் கிரககணிதம், கோளாத்தியாயம் என்பன அவை. இவற்றுள் லீலாவதியைப் பற்றிய கதை யாவரும் அறிந்தது. லீலாவதி பாஸ்கரரின் மகளாம். அவளுக்கு ஒரே ஒரு நற்பொழுதிலே மணம் முடிக்கவேண்டும் என்று கண்டு, துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டாராம் தந்தை. குனிந்து பார்த்த மகளின் அணியிலிருந்து முத்தொன்று விழுந்து துளையை அடைத்தது, பொழுது போயிற்று, மணமும் போயிற்று. அவள் பெயர் நிலைக்க நூலுக்கு அப்பெயரை இட்டார் என்பது கதை. இது 1587இல் அக்பரின் அவைக் கவிஞர் பைசி செய்த பாரசீக மொழிபெயர்ப்பின் முன்னுரையிலிருந்து நமக்கு வருவது. பாஸ்கரருக்கும் பைசிக்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேல். நூலினுள்ளே அவர் விளித்துப் பேசுவோரோ பலர்: ஓரிடத்தில் மான்விழியாள், ஓரிடத்தில் தோழன், ஓரிடத்தில் வணிகன். கண்ணீர்க் கதையை நான் வெறுப்பவன் அல்லன். ஆயினும் அந்த முத்து பாஸ்கரரையே மறைத்துவிட்டது என்று எனக்குப் படுகிறது. கதை தெரிந்தவர் நூறு பேருக்கு அவருடைய ஒரு கணக்குத் தெரிந்தவர் ஒருவரைக் காண்பதும் அரிது.

ஆகவே ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு வண்டுக் கூட்டம். அதன் பாதியின் வர்க்கமூலம் எத்தனையோ அத்தனை வண்டுகள் மல்லிகைக்குச் சென்றன. முழுக் கூட்டத்தின் ஒன்பதில் எட்டுப் பங்கும் அங்கேயே சென்றது. எஞ்சியது ஓர் இணை: இரவில் மணத்துக்கு மயங்கித் தாமரைக்குள் அகப்பட்ட ஆண்வண்டு உள்ளே முரல, வெளியே பெண்வண்டு மறுமொழியாக முரல்கிறது. கூட்டத்தின் தொகை யாது?

தெரியாக் கணியத்துக்கு வடமொழிக் கணிதர் வைத்த பெயர் யாவத்தாவத். எவ்வளவோ அவ்வளவு என்பது பொருள். அதன் முதலெழுத்தாகிய யா என்பதையே எழுதுவர். மேலும் கணியங்கள் வேண்டுமாயின் கருமை, நீலம் எனும் நிறப்பெயர்களின் முதலெழுத்துகள் வரும். பாதியின் வர்க்கமூலம் கேட்கப்படுவதால் கூட்டத்தை 2 யா² என்று கொள்வதே நயம். அப்போது மல்லிகைக்குச் சென்றவை யா-வும், 2 யா²-இன் ஒன்பதில் எட்டும், எஞ்சியவை 2. சுருக்கினால் 2 யா² − 9 யா = 18 என வரும்.

இங்கேதான் மாணாக்கர் தடுமாறுவர். வர்க்கமும் உண்டு, வர்க்கமில்லாத யா-வும் உண்டு. எதைப் பிடித்து எதை விடுவது? பாஸ்கரர் இந்த வழிக்குச் சூட்டும் பெயர் மத்தியமாகரணம், அதாவது நடுவில் நிற்பதைப் போக்குதல். வர்க்கத்துக்கும் வெறும் எண்ணுக்கும் நடுவே நின்று தொல்லை தரும் உறுப்பை ஒரு முழு வர்க்கத்தினுள்ளே அடக்கிவிடுவது அது. நம் பாடநூல்கள் வர்க்கப்பூர்த்தி என்பது இதையே. வர்க்கத்தின் குணகத்தை நான்காற் பெருக்கி வரும் எண்ணால் இரு பக்கத்தையும் பெருக்கவேண்டும். யா-வின் பழைய குணகத்தை வர்க்கித்து இரு பக்கத்திலும் கூட்டவேண்டும். குணகம் 2, நான்மடங்கு 8. ஆகவே 16 யா² − 72 யா = 144. ஒன்பதின் வர்க்கம் 81ஐக் கூட்ட, இடப்பக்கம் (4 யா − 9)² ஆகிறது, வலப்பக்கம் 225. மூலம் 15. எனவே 4 யா = 24; யா = 6; கூட்டம் 72. சரிபார்ப்போம்: 36இன் மூலம் 6, ஒன்பதில் எட்டுப் பங்கு 64, இணை 2. கூட்டினால் 72. முதலிலேயே நான்மடங்காற் பெருக்கிவிடுவதனால் பின்னங்கள் இடையிற் புகுந்து குழப்பவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இந்த வழி தம்முடையது என்று பாஸ்கரர் உரிமை கொண்டாடவில்லை. தமக்கு முன்வாழ்ந்த ஸ்ரீதரருடையது என்று பெயர் சொல்லியே எடுத்தாள்கிறார். ஸ்ரீதரரின் அட்சரகணித நூல் நமக்குக் கிடைக்கவில்லை. அதன் இந்தச் சூத்திரம் வாழ்வது பாஸ்கரரின் நேர்மையால்.

இனி நான் மிகவும் மதிக்கும் இடத்துக்கு வருகிறேன். 225இன் மூலம் 15 மட்டுமன்று, −15உம் ஆகும். நேரெண்ணின் மூலம் நேராகவும் இருக்கலாம், மறையாகவும் இருக்கலாம் என்று பீஜகணிதமே கற்பிக்கிறது. வண்டுக் கணக்கிலே −15ஐ எடுத்தால் கூட்டம் நாலரை வண்டு என்று வரும். அதை ஒருவரும் கொள்ளார். ஆனால் எல்லாக் கணக்கும் அவ்வளவு எளிதில் நமக்கு உதவுவதில்லை. அதனைக் காட்டவே பாஸ்கரர் இரண்டு குரங்குக் கூட்டங்களைக் கொண்டுவருகிறார்.

முதற் கூட்டத்திலே எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் காட்டில் விளையாடுகிறது. 12 குரங்குகள் குன்றின்மேல் ஆரவாரிக்கின்றன. விடை 48 அல்லது 16. 48இன் எட்டிலொன்று 6, வர்க்கம் 36, பன்னிரண்டைக் கூட்ட 48. 16இன் எட்டிலொன்று 2, வர்க்கம் 4, பன்னிரண்டைக் கூட்ட 16. இரண்டும் பொருந்துகின்றன, இரண்டையும் அவர் ஏற்கிறார். இரண்டாம் கூட்டத்திலே ஐந்தில் ஒரு பங்கிலிருந்து 3 குறைத்து, வந்ததை வர்க்கித்தால் எத்தனையோ அத்தனை குரங்குகள் குகைக்குள் புகுந்தன. ஒன்று மட்டும் கிளைமேல் தெரிகிறது. விடை 50 அல்லது 5. பாஸ்கரர் 50ஐ ஏற்று 5ஐத் தள்ளிவிடுகிறார்.

ஏன் தள்ளினார்? கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வரும் மாணவி ஒருத்தி இதை வகுப்பிலே விடாமற் கேட்டாள். ஐந்தைச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்திருந்தாள். ஐந்திலொன்று 1, மூன்றைக் குறைக்க −2, வர்க்கம் 4, கிளைமேல் உள்ளதைக் கூட்ட 5. சமன்பாடு பொய் சொல்லவில்லையே, சேர், பின் ஏன் தள்ளவேண்டும் என்பது அவள் வாதம். வாதம் சரியானதே. சமன்பாடு பொய் சொல்லவில்லை, காடுதான் மறுக்கிறது. ஒரு குரங்கிலிருந்து மூன்று குரங்கை நீக்க எந்தக் காட்டாலும் இயலாது. வர்க்கித்தவுடன் மறை அழிந்துவிடுவதால், நடந்த தவறு விடையிலே தெரிவதில்லை. தனித்து நிற்கும் மறைக் கணியத்தை உலகோர் ஒப்புவதில்லை என்பதே பாஸ்கரர் சொல்லும் காரணம்.

இதைக் கொண்டு அவர் மறையெண்ணுக்கு அஞ்சினார் என்று முடிவு கட்டுவோர் உளர். நான் அதை ஒப்பமாட்டேன். லீலாவதியிலே ஒரு முக்கோணம் வருகிறது: பக்கங்கள் 10, 17, அடி 9. உச்சியிலிருந்து இறக்கிய செங்குத்து அடியை எப்படிப் பிரிக்கிறது என்பது கேள்வி. ஒரு துண்டு 15, மற்றது −6 என்று வருகிறது. அங்கே அவர் மறையைத் தள்ளவில்லை. அது எதிர்த்திசையில் உள்ளது என்று விளக்கி ஏற்கிறார். செங்குத்து அடிக்கோட்டுக்கு வெளியே விழுகிறது, அவ்வளவே. அதன் நீளம் 8 என்று கண்டு சரிபார்த்துக் கொள்ளலாம். திசையுள்ள இடத்தில் மறைக்குப் பொருள் உண்டு. குரங்கை எண்ணுமிடத்தில் இல்லை. ஒவ்வொரு விடையையும் அது பிறந்த இடத்துக்கே திருப்பி அனுப்பி, அங்கே வாழுமா என்று கேட்டவர் அவர். நம் வகுப்புகளிலோ சூத்திரத்தில் எண்களை இட்டு, இரண்டு விடையையும் எழுதி, அடிக்கோடு போட்டு அடுத்த வினாவுக்கு ஓடுகிறோம். கேள்வியைத் திரும்பப் படிக்கும் மாணாக்கர் பத்துக்கு இருவர் தேறினால் நான் மகிழ்வேன்.

பாஸ்கரரிடம் இல்லாத ஒரு கருவி இன்றைய மாணாக்கரிடம் உண்டு, அது வரைபுத்தாள். முதற் குரங்குக் கணக்கை ஓர் இருபடிச் சார்பாகக் கொண்டு, கூட்டத்தின் தொகை மாற மாற, காட்டிலும் குன்றிலும் எண்ணியவற்றின் தொகை அதைவிட எவ்வளவு மிகுகிறது அல்லது குறைகிறது என்று குறித்தால் ஒரு பரவளைவு கிடைக்கும். 16இலும் 48இலும் அது அச்சை வெட்டும். நடுவே 32இல் மிகத் தாழ்ந்து −4ஐத் தொடும். 32 குரங்கு என்றால் காட்டில் 16, குன்றில் 12, ஆக 28, நான்கு குறைகிறது. இங்கே மறை என்றால் குறை என்று பொருள். 56 என்றாலோ காட்டில் 49, குன்றில் 12, ஆக 61, ஐந்து மிகுகிறது. விடை ஏன் இரண்டு என்பதைக் கண்ணாலேயே காணலாம்.

இருபடிக் கணக்கிலே அவருடைய உச்சம் இன்னொன்று. ஓர் எண்ணின் வர்க்கத்தை 61ஆற் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் மீண்டும் ஒரு முழு வர்க்கம் வரவேண்டும். அந்த எண் யாது? சக்கரவாளம் என்னும் முறையால் அவர் கண்ட விடை 226153980. பிரெஞ்சுக் கணிதர் பெர்மா இதே 61ஐ ஐரோப்பிய அறிஞர்க்கு அறைகூவலாக விடுத்தது 1657இல்.

பாஸ்கரர் 69 வயதை எட்டிய 1183ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு, பஞ்சாங்கக் கணிப்புக்கு உதவும் கரணகுதூகலம் என்ற கைநூலை எழுதினார். அவர் மகன் இலக்குமிதரரை யாதவ மன்னன் ஜைத்திரபாலன் தன் அவைக்கு அழைத்துக்கொண்டான். இலக்குமிதரரின் மகன் சாங்கதேவர் சிங்கண மன்னனின் தலைமைச் சோதிடர். பேரனுக்குப் பாட்டனார்மேல் இருந்த பற்றே பாட்டண் கல்வெட்டு. சித்தாந்த சிரோமணி முதலிய பாட்டனாரின் நூல்களைக் கற்பிக்க அவர் ஒரு மடம் அமைத்தார்; 1207இல் அதற்குக் கொடைகள் வழங்கப்பட்டன.

நூல் மடத்தோடு நின்றுவிடவில்லை. பீஜகணிதம் 1634இல் ஷாஜகானின் காலத்திலே பாரசீகமாயிற்று. லீலாவதியோடு சேர்த்துக் கோல்புரூக் அதை ஆங்கிலமாக்கி வெளியிட்டது 1817இல். நம் யாழ்ப்பாணத்துக்கும் அப்பெயர் வந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியிலே பயின்று கற்பித்த கரோல் விசுவநாதபிள்ளை, செமினரி மூடப்பட்ட அதே 1855இல் தமிழிலே அட்சரகணித நூலொன்றை அச்சிட்டார். இரண்டாண்டின் பின் சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர் அவர். அந்நூலுக்கு அவர் இட்ட பெயர் வீசகணிதம். பாஸ்கரரின் தலைப்பே தமிழ் உருவிலே.

அது வெளிவந்த பத்தாம் ஆண்டில், 1865இல், பம்பாய் மருத்துவர் பாவு தாஜி பாட்டண் கல்வெட்டை அறிஞர் உலகுக்கு அறிவித்தார். குலமுறையும் புகழுரையும் வடமொழிச் செய்யுளாக உள்ளன. மடத்துக்குக் கொடுத்த கொடைகளைக் கூறும் பகுதி, ஊர்ச் சனங்களுக்கு விளங்கும் மராட்டியிலே வெட்டப்பட்டிருக்கிறது.