வெளிச்சத்துக்குக் கணக்கு எழுதிய போக்சன்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கடிதம் போட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது, மூன்றாம் ஆண்டில் போன பிசிக்ஸ் டூர்தான். வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் பாதிப் பேர் வாந்தி, மீதிப் பேர் பாட்டு என்று ஒருவழியாகக் கொடைக்கானல் அப்சர்வேட்டரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே பழைய 8 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் காட்டினார்கள். மெட்ராஸிலிருந்து வந்தது என்றார்கள். இருந்த குளிரில், அங்கே அதை யார் வைத்திருந்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. நார்மன் ராபர்ட் போக்சன் என்ற அந்த மனிதரைப் பற்றிப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன்.

1829-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் உதவியாளராக இருந்தபோது, 1856-ல் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அதற்கு வைத்த ஐசிஸ் என்ற பெயர் அவருடைய மகளின் பெயரும்கூட. ஆனால் நாம் அவருக்குக் கடன்பட்டிருப்பது அதே வருஷம் அவர் செய்த வேறொரு காரியத்துக்கு.

விண்மீன்களை வெளிச்சத்தை வைத்து ஆறு வகுப்பாகப் பிரிப்பது கிரேக்கர் காலத்து வழக்கம். மிகப் பளிச்சென்றிருப்பது முதல் வகுப்பு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருப்பது ஆறாம் வகுப்பு. தொலைநோக்கி வந்த பிறகு அதற்கும் கீழே வகுப்புகள் பெருகின. ஆளுக்கு ஓர் அளவுகோல். ஒருவர் எழுதிய எண்ணை அடுத்தவர் எண்ணாக மாற்ற வழியில்லை. நம்ம ஊரில் முன்னே படிக்குப் படி வித்தியாசம் இருந்த மாதிரி! ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் வெளிச்சம் எத்தனை மடங்கு என்று அளந்து பார்த்தவர்களுக்கு இரண்டரையை ஒட்டி வெவ்வேறு விடைகள் வந்தன. போக்சன் 2.512 என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஏன் அந்த எண்? அதன் லாக் 0.4. கணக்குப் போடச் சுலபம், அவ்வளவுதான்.

கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். வகுப்பு வித்தியாசத்தை 0.4-ஆல் பெருக்கி ஆன்டிலாக் பாருங்கள். ஐந்து வகுப்பு என்றால் 2, அதாவது 100 மடங்கு. விடிவெள்ளி சுமார் மைனஸ் 4, மங்கலான மீன் 6. வித்தியாசம் 10, ஆக 10,000 மடங்கு. பேப்பர்கூட வேண்டாம்.

இந்த மாற்றல் கணக்கில் நானே ஒரு தரம் சறுக்கியிருக்கிறேன். புரொஜக்டர் வேலையில் இருந்த காலத்தில் ஒரு தியேட்டர் திரையை அளந்தேன். மீட்டர் அடி-லாம்பர்ட்டில் 9 காட்டியது. அதை நிட்டாக மாற்ற 3.426-ஆல் பெருக்க வேண்டும். நான் சதுர அடியைச் சதுர மீட்டராக்கும் 10.76-ஆல் பெருக்கிவிட்டேன்; லாம்பர்ட்டுக்குள் ஒளிந்திருக்கும் பையால் வகுக்க மறந்துபோனது. 31 நிட் இருந்த திரைக்கு 97 என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். இருக்க வேண்டியது 55. படம் இருட்டாக இருக்கிறது என்று ஜனங்கள் சத்தம் போட, முதலாளி என் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். இன்னும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

போக்சன் 1861-ல் மெட்ராஸ் வானாய்வகத்துக்கு வந்தார். வந்த வேகத்தில், ஏப்ரல் மாதமே, ஒரு குறுங்கோள். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் குறுங்கோள் என்பதால் ஆசியா என்றே பெயர். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற மீனின் வெளிச்சம் ஏறி இறங்குவதைக் கண்டார். மகள் ஐசிஸ் 1873 முதல் 150 ரூபாய் சம்பளத்தில் அங்கேயே கணக்குப் போட்டார். அவரை 1886-ல் ராயல் வானியல் கழகத்துக்கு உறுப்பினராக அப்பா முன்மொழிந்தார். பெண் என்பதால் நடக்கவில்லை. 1920-ல்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

மெட்ராஸ் வானம் போதாது, தென்னாட்டு மலை ஒன்றில் 20 அங்குலத் தொலைநோக்கி வேண்டும் என்று 1882-ல் போக்சன் கேட்டார். இடம் பார்க்கப் பழனி மலைக்கும் நீலகிரிக்கும் போனவர் மிச்சி ஸ்மித், மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியின் பிசிக்ஸ் புரொபசர். கேட்டவருக்கோ 20 அங்குலமும் கிடைக்கவில்லை, மலையும் கிடைக்கவில்லை. முப்பது வருஷம் மெட்ராஸ் புழுக்கத்திலேயே உழைத்து 1891-ல் அங்கேயே இறந்தார். அவர் சேர்த்துவைத்த விண்மீன் அளவுகளின் பெரும் பகுதி அச்சேறியதும் அதற்குப் பிறகுதான்.

கொடைக்கானலில் 1899-ல் ஆய்வகம் எழும்பியது. மிச்சி ஸ்மித்தே முதல் இயக்குநர்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு கணக்கு. இராத்திரி வானத்தின் இருட்டையும் இன்று போக்சன் எண்ணில்தான் சொல்கிறார்கள், வானத்தில் ஒரு சதுர விகலைக்கு இத்தனை என்று. நல்ல இருட்டு வானம் 22. மைனஸ் 8.8-க்கு ஆன்டிலாக் பார்த்து 1,08,000-ஆல் பெருக்கினால் நிட்டில் விடை வரும்: சுமார் 0.00017. டவுன் வானம் 17 என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு? டேபிள் வேண்டாம், ஐந்து வகுப்பு வித்தியாசம்தானே.