புத்தேரியில் கனிந்த காலம்

வடசேரிக்கு அருகே வயல்களுக்கு நடுவில் அமைந்த சிற்றூர் புத்தேரி. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, பணி ஓய்வுக்குப்பின் தம் வாழ்வின் நிறைவுக் காலத்தைக் கழித்த ஊர் அது.

1876 ஜூலை 27இல், சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் சிவதாணுப்பிள்ளைக்கும் ஆதிலட்சுமி அம்மாளுக்கும் மகனாகத் தோன்றினார் கவிமணி. இளமையிலேயே சாந்தலிங்கத் தம்பிரானிடம் தமிழ் பயின்றார். புத்தேரியைச் சேர்ந்த உமையம்மையாரை மணந்தார். கோட்டாற்றிலும் நாகர்கோவிலிலும், பின்னர்த் திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியிலும் ஆசிரியப் பணி ஆற்றினார். 1931இல் ஓய்வு பெற்றதும் தலைநகரில் தங்கிவிடாமல், மனைவியாரின் ஊருக்கே திரும்பினார்.

கவிதைகள் நூலாக வேண்டுமென்று அவர் விரைந்ததில்லை. ‘மலரும் மாலையும்’ வெளிவந்த 1938இல் அவர் அறுபதைக் கடந்திருந்தார். சென்னையில் ‘கவிமணி’ என்னும் பட்டம் சூட்டப்பெற்றது 1940இல். பட்டத்திற்குப் பின்னும் இருப்பிடம் மாறவில்லை, எளிமையும் மாறவில்லை.

காலத்தைப் பற்றிய சிந்தனை அவருக்குப் புதியதன்று. கல்வெட்டுகளை ஆராய்ந்தவர் அவர். காந்தளூர்ச்சாலை குறித்து எழுதியவர். என்றும் நிலைக்குமென்று மன்னர் பொறித்த எழுத்தும் மழையிலும் வெயிலிலும் தேய்வதைக் கண்ட கண்கள் அவருடையவை.

அந்தச் சிந்தனைக்கு விடையாக இரு நூல்கள் தமிழுக்கு வந்தன. எட்வின் ஆர்னால்டின் காவியத்தைத் தழுவிய ‘ஆசிய ஜோதி’ 1941இல் வெளிவந்தது. முதுமையும் சாவும் கண்டு அரண்மனை துறந்த சித்தார்த்தனின் வரலாறு அது. 1945இல் ‘உமார்கய்யாம் பாடல்கள்’ வெளிவந்தது. நாள்காட்டியைத் திருத்தும் பணியில் பங்குகொண்ட பாரசீக வானியலறிஞர் கய்யாம். ஆண்டின் அளவை ஆராய்ந்த அவர் பெயரால் வழங்கும் அப்பாடல்கள், கழியும் நாளின் கணத்தைப் பற்றிக்கொள்ளச் சொல்கின்றன. பிட்சுஜெரால்டின் ஆங்கில வடிவின் வழியே அவற்றைக் கவிமணி தமிழாக்கினார்.

துறவு ஒரு விடை. மதுக்கிண்ணம் மற்றொரு விடை. இரண்டையும் ஒரே பரிவோடு தமிழில் தந்த கவிமணி, தாம் வாழ்ந்து காட்டியது மூன்றாவது விடை. இல்லறத்தை விட்டு நீங்கவுமில்லை; இன்பத்தைத் தேடி ஓடவுமில்லை. மக்கட்பேறு வாய்க்காத அவர், ஊர்க் குழந்தைகளெல்லாம் பாடுதற்குரிய எளிய சொற்களைத் தேடித் தேடிக் கோத்தார்.

1954 செப்டம்பர் 26இல் கவிமணி மறைந்தார். அவர் ஆய்ந்த கல்வெட்டுகளைப் படித்தறிவார் சிலர். கல்லில் பொறிக்காத அவர் பாட்டுகளோ பள்ளிப் பிள்ளைகளின் நாவில் வாழ்கின்றன. விரையாமல் வாழ்ந்த கவிஞருக்குக் காலம் அளித்த கொடை அதுவே.