நட்சத்திரங்களைக் கணக்கெடுத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி

கோரமங்கலாவில் உள்ள இந்திய வானியற்பியல் மையத்தைப் பெங்களூர்த் தமிழர்கள் பலர் நாள்தோறும் பஸ்ஸில் கடந்து செல்கிறார்கள். அதன் பூர்வீகம் சென்னை நுங்கம்பாக்கம் என்பது பலருக்குத் தெரியாது. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கட்டிய வான ஆராய்ச்சி நிலையமே 1899-ல் கோடைக்கானலுக்கு மாறி, பின்னர் இங்கே வந்து நிலைத்தது. அந்த நுங்கம்பாக்கத்தில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் உழைத்த ஒரு மேதைதான் சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்த அவர், 1840-ஐ ஒட்டி அங்கே கடைநிலை ஊழியராகச் சேர்ந்தார். அப்போது தலைவராக இருந்த டெய்லர், 11,015 நட்சத்திரங்களின் இடங்களை அளந்து 1844-ல் பட்டியலாக வெளியிட்டார். 1861-ல் தலைவராக வந்த போக்சன் மீண்டும் அளக்கத் தொடங்கினார். 1864-ல் முதல் உதவியாளராக உயர்ந்த ரகுநாதாச்சாரியின் இரவுகள் பெரும்பாலும் இந்த வேலையில்தான் கழிந்தன.

அளந்ததையே ஏன் மறுபடி அளக்க வேண்டும்? நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் நிற்பதில்லை என்பதே காரணம். சுழலும் பம்பரம் தலையாட்டுவது போலப் பூமியின் அச்சும் மெல்லத் தலையாட்டுகிறது. சுமார் 26,000 ஆண்டுகளில் ஒரு சுற்று. இதனால் வானம் முழுவதுமே 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் நகர்வதாகத் தோன்றுகிறது. இது போக, ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் சொந்த ஓட்டம் உண்டு. இதை 1718-ல் ஹாலி கண்டுபிடித்தார். மிக வேகமாக நகரும் பர்னார்டு நட்சத்திரமே சந்திரனின் அகலத்தைக் கடக்க 180 ஆண்டு ஆகும். ஒரு மனிதனின் ஆயுள் இதற்குப் போதாது. ஒரு தலைமுறை எழுதி வைத்த எண்ணை அடுத்த தலைமுறை எண்ணோடு ஒப்பிட்டால்தான் ஓட்டம் புலப்படும்.

வடக்கு தெற்காக மட்டுமே திரும்பும் தொலைநோக்கியில், நட்சத்திரம் குறுக்கு இழையைக் கடக்கும் நொடியைக் கடிகாரத்தில் பார்த்துக் குறிக்க வேண்டும். அதே கணம் அதன் உயரத்தையும் படிக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். (அந்நாளில் ரயில்கள் ஓடிய மதராஸ் நேரத்தையும் இந்த நிலையமே கணித்துத் தந்தது.) ஆனால் அந்தச் சலிப்புக்கு நடுவேதான் 1867-ல் அவருக்கு ஒரு பரிசு கிட்டியது. தென் வானில், சென்னைத் தொடுவானத்துக்குச் சுமார் 14 பாகை உயரமே வரும் ஆர் ரெடிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதை அவர் கண்டறிந்தார். 1868 ஆகஸ்டு 18 பூரண சூரிய கிரகணத்தை ஆராய ஹைதராபாத் சமஸ்தானத்து வனபர்த்திக்குச் சென்றார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரானார். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர்களில் ஒருவர் அவர்.

அவர் மனத்தை அதிகம் வாட்டியது பஞ்சாங்கம். பழைய வாக்கியக் கணக்கில் சிறு பிழைகள் நூற்றாண்டுதோறும் சேர்ந்துகொண்டே வந்தன. பஞ்சாங்கம் சொன்ன வேளையும் கண்ணுக்குத் தெரிந்த கிரகணமும் ஒத்துப்போகவில்லை. வானத்தின் நகர்வைக் கழிக்கும் அயனாம்சத்திலும் தகராறு. உண்மையான உத்தராயணம் டிசம்பர் 21, 22-லேயே வந்துவிட, நாம் இன்றும் மகர சங்கராந்தியை ஜனவரி நடுவில் கொண்டாடுகிறோமே, அந்த இடைவெளியும் இந்த நகர்வால் வந்ததுதான். அவர் நேரில் அளந்த கணக்கைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். திதி மாறினால் திவசமும் விரதமும் மாறும் அல்லவா? வாக்கியக்காரர்கள் இதை லேசில் ஏற்கவில்லை. இரு தரப்புப் பஞ்சாங்கங்களும் தமிழ்நாட்டில் இன்றும் அச்சாகின்றன.

1874 டிசம்பர் 9 அன்று சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது, அதை விளக்கித் தமிழில் நூல் எழுதினார். அது கன்னடம், உருது, ஆங்கிலம் ஆகியவற்றிலும் வந்தது. நம்மவர்களே நடத்தும் ஒரு வான ஆராய்ச்சி நிலையம் வேண்டும் என்றும் அதே ஆண்டு வாதாடினார். அது கைகூடவில்லை.

1880 பிப்ரவரி 5 அன்று அவர் காலமானார். அவர் உழைத்த 5,303 நட்சத்திரங்களின் பட்டியல், போக்சனும் 1891-ல் மறைந்த பிறகே அச்சேறியது.