9,000 வருஷக் குத்தகை போட்ட மனுஷன்!

கின்னஸ்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சுருண்டு தொங்குற நீள நகம், ஒரே மைதானத்துல நூத்துக்கணக்கான பிள்ளைங்க சிலம்பம் சுத்துறது, ஸ்கூல் வாசல்ல 'கின்னஸ் சாதனை முயற்சி'னு கட்டின பேனர். திருவண்ணாமலையில அந்தப் பேரைக் கேட்காத ஆள் இருக்க முடியாது. ஆனா, அது பீர் காய்ச்சின ஒரு மனுஷனோட பேரு. அவர் ஆரம்பிச்ச கம்பெனியில நிர்வாக இயக்குநரா இருந்த ஹக் பீவர், 1951-ல வேட்டைக்குப் போன இடத்துல, எந்தப் பறவை வேகமாப் பறக்கும்னு ஒரு வாக்குவாதத்துல மாட்டிக்கிட்டார். தீர்ப்பு சொல்ல ஒரு புத்தகம் இல்லையேன்னு அவருக்குத் தோணினதுதான் 1955-ல வந்த சாதனைப் புத்தகம். அந்தப் பேருக்குச் சொந்தக்காரரான ஆர்தர் கின்னஸ் அதைப் பார்க்கலை. அவர் 1803-லயே இறந்துட்டார்.

செங்கம் ரோடு வழியா பெங்களூரு பஸ் ஏறிப்போய், அங்க ஒரு மைக்ரோ ப்ரூவரியில வேலை பழகிட்டு, 'நாமளும் சின்னதா ஒண்ணு ஆரம்பிச்சா என்ன?'ன்னு யோசிக்கிற ஆளா நீங்க? இந்தக் கதை உங்களுக்குத்தான். பீர் வேணாம், நன்னாரி சர்பத்தை பாட்டில் போட்டு விக்கலாம்னு நினைச்சு, லோன் பேப்பரைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுப் புரள்றவரா இருந்தாலும் படிக்கலாம். குடிக்கச் சொல்ற கட்டுரை இல்லை இது. தொழில் ஆரம்பிக்கிறவங்களுக்கு வர்ற வயித்துக் கலக்கத்தைப் பத்தினது.

ஆர்தர் பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. அயர்லாந்துல, டப்ளினுக்கு மேற்கே செல்பிரிட்ஜ்னு ஒரு ஊர். அங்க ஆர்ச்பிஷப் ஆர்தர் பிரைஸோட எஸ்டேட்டைப் பார்த்துக்கிட்டவர் அவரோட அப்பா ரிச்சர்ட். ஆர்தரும் அங்கேயே வேலை பார்த்தார். 1752-ல ஆர்ச்பிஷப் இறந்தப்போ, அப்பாவுக்கு 100 பவுண்டு, மகனுக்கு 100 பவுண்டுன்னு உயில்ல எழுதி வெச்சிருந்தார். சாதாரணக் குடும்பத்துக்கு அது பல வருஷச் சம்பளம்.

உங்க கையில அப்படித் திடீர்னு ஒரு தொகை வந்தா என்ன செய்வீங்க? ஆர்தர் உடனே டப்ளினுக்கு ஓடிப்போய் கடை விரிக்கலை. அப்பா ரெண்டாவது கல்யாணம் பண்ணி, அந்த அம்மாவோட சத்திரத்தை நடத்திக்கிட்டிருந்தார். ஆர்தர் அங்க வேலை பழகினார். 1755-ல பக்கத்துல லெய்க்ஸ்லிப்ங்கிற ஊர்ல ஒரு சின்ன ப்ரூவரியை எடுத்தார். நாலு வருஷம் அங்கதான். தப்பு பண்ணினா ஊர் சிரிக்கும், ஆனா குடும்பம் நடுத்தெருவுக்கு வராது. அந்த அளவுக்குச் சின்னது. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஆனா, அவரைப் பத்திச் சொல்றவங்க இந்த நாலு வருஷத்தை ஒரே வரியில தாண்டிடுவாங்க. 'தூங்கி எழுந்தார், சாம்ராஜ்யம் கட்டினார்'னு சொன்னாத்தான் ரீல்ஸுக்கு நல்லா இருக்கும், இல்லையா?

லெய்க்ஸ்லிப் ப்ரூவரியைத் தம்பி கையில ஒப்படைச்சுட்டு, 34 வயசுல டப்ளினுக்கு வந்தார். செயின்ட் ஜேம்ஸ் கேட்ங்கிற இடத்துல ஒரு பழைய ஆலை பல வருஷமா ஓடாமக் கிடந்தது. 4 ஏக்கர். ஒரு செப்புக் கொப்பரை, ஒரு மில், மால்ட் தயாரிக்க ரெண்டு கட்டடம், 12 குதிரைக்கு லாயம். அதை எடுக்க ஆள் இல்லை. ஏன்னா நகரத்துல ஏற்கெனவே பல டஜன் ப்ரூவரி இருந்துச்சு. இங்கிலாந்துல இருந்து இறங்குற பீருக்கு வரிச் சலுகை. உள்ளூர்க்காரனுக்கு வரிச் சுமை. கிராமத்துப் பக்கம் போனா, பீரைவிட விஸ்கிக்குத்தான் மவுசு. உங்க மாமா யாராவது பக்கத்துல இருந்திருந்தா, 'போய் வேற வேலையப் பாருடா'ன்னுதான் சொல்லியிருப்பார்.

1759 டிசம்பர் 31-ஆம் தேதி ஆர்தர் கையெழுத்துப் போட்டார். முன்பணம் 100 பவுண்டு, வருஷ வாடகை 45 பவுண்டு, குத்தகைக் காலம் 9,000 வருஷம். ஆமா, ஒன்பதாயிரம். ஆர்ச்பிஷப் விட்டுட்டுப் போன தொகையும் 100, முன்பணமும் 100.

இந்த 9,000-ஐத்தான் எல்லாரும் தன்னம்பிக்கைக்கு உதாரணமாச் சொல்வாங்க. நான் அப்படிப் பார்க்கலை. ரொம்ப நீளமான குத்தகை அந்தக் காலத்து அயர்லாந்துல அதிசயம் கிடையாது. வாடகை ஏறாது, யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது. அதுதான் விஷயம். இன்னிக்கு கிரிவலப் பாதையில ஒரு கடை வாடகைக்கு எடுத்துப் பாருங்க, 11 மாச அக்ரிமென்ட் முடியுற நேரம் வயித்துல என்ன பண்ணும்னு தெரியும். ஆர்தருக்கு அந்தப் பயம் காகிதத்துலயே தீர்ந்துபோச்சு. மிச்சப் பயம் பீர் விக்குமா விக்காதாங்கிறது மட்டும்தான்.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1761-ல ஒலிவியா விட்மோரைக் கல்யாணம் பண்ணினார். 1,000 பவுண்டு சீதனம் வந்தது. தொழிலுக்கு அது எவ்வளவு பெரிய தெம்புன்னு சொல்லணுமா? அந்த அம்மா 21 பிள்ளை பெத்தாங்க. அதுல பெரியவங்களா வளர்ந்தது 10 பேர்தான். ஆர்தரோட தைரியத்தைப் பத்தி எழுதுறவங்க ஒலிவியாவுக்கும் ரெண்டு வரி ஒதுக்கியிருக்கலாம்.

அடுத்தது தண்ணிச் சண்டை. சாத்தனூர் அணைத் தண்ணி எப்ப வரும்னு குழாயைப் பார்த்துட்டு உட்கார்ந்த நமக்கு இது புரியும். பீர்ல பெரும்பகுதி தண்ணிதான். குத்தகையிலேயே தண்ணி உரிமையும் சேர்ந்திருக்குன்னு ஆர்தர் நம்பினார். பேசினதைவிட அதிகமா எடுக்கிறார்னு டப்ளின் மாநகராட்சி சொன்னது. 1775-ல கால்வாயை மூட ஆட்களை அனுப்பினாங்க. 50 வயசை நெருங்கின, ஊர்ல மரியாதையுள்ள அந்த மனுஷன், அவங்ககிட்ட இருந்த குந்தாலியைப் பிடுங்கிக்கிட்டு வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கார். வந்தவங்க திரும்பிப் போயிட்டாங்க. வழக்கு வருஷக்கணக்கா இழுத்துச்சு. கடைசியில, தண்ணிக்குன்னு வருஷம் 10 பவுண்டு கட்ட ஆர்தர் ஒத்துக்கிட்டார். குந்தாலி எடுத்த கைதான் சமாதானத்துக்கும் கையெழுத்துப் போட்டுச்சு.

இதைவிடக் கஷ்டமான முடிவு ஒண்ணு இருந்துச்சு. ஆர்தர் ஆரம்பிச்சது 'ஏல்'ங்கிற வகை பீர்ல. 1769-ல முதல் முறையா இங்கிலாந்துக்குக் கப்பல்ல அனுப்பினதும் அதுதான், ஆறரை பீப்பாய். ஆனா லண்டன்ல சுமை தூக்குற தொழிலாளிங்க விரும்பிக் குடிச்ச கறுப்பு பீர் டப்ளின்லயும் இறங்கி, சந்தையைப் பிடிச்சிக்கிட்டிருந்தது. போர்ட்டர்ங்கிற பேரே அந்தச் சுமைக்காரங்களால வந்ததுதான். ஆர்தர் வீம்பு பிடிக்கலை. 1770-களோட கடைசியில போர்ட்டரும் காய்ச்ச ஆரம்பிச்சார். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல ஓட்டிக்கிட்டே, வரிக்கு எதிராவும் போராடினார். 1795-ல அயர்லாந்து பீர் மேல இருந்த வரி போச்சு. 1799-ல கடைசி ஏலைக் காய்ச்சி முடிச்சு, அதோட நிறுத்திட்டார். நாப்பது வருஷம் சோறு போட்ட சரக்கு. அப்போ அவருக்கு 70-க்கு மேல வயசு.

1803 ஜனவரியில டப்ளின்ல இறந்தார். கில்டேர் மாவட்டத்துல ஓட்டரார்டுங்கிற சின்ன மேட்டுல, இடிஞ்ச ஒரு சர்ச் பக்கத்துல அடக்கம். ஆலையை அவர் பேரையே வெச்சிருந்த மகன் ஆர்தர் எடுத்து நடத்தினார்.

கம்பெனி பின்னாடி அந்த நிலத்தையே விலைக்கு வாங்கிடுச்சு. அதனால 9,000 வருஷக் குத்தகைக்கு இன்னிக்கு வேலை இல்லை. அந்தப் பத்திரத்தை டப்ளின்ல ஆலைக்குள்ள இருக்கிற கின்னஸ் ஸ்டோர்ஹவுஸ்ல, தரைக்குள்ள கண்ணாடி போட்டு வெச்சிருக்காங்க. சுத்திப் பார்க்க வர்றவங்க குனிஞ்சு செல்போன்ல படம் எடுத்துட்டு, அது மேலேயே நடந்து போறாங்க.