காத்திருத்தலைக் கணக்கிட்ட ஏர்லாங்

ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் வட்டாரத்தின் தொழிற்சாலைகளை நாம் அறிவோம். 2006 முதல் 2014 வரை அங்கு நோக்கியா ஆலையில் கைப்பேசிகள் செய்யப்பட்டன. கைப்பேசியில் ஒரு சொல்லைத் தேடினால் இமைப்பொழுதில் விடை தோன்றுகின்றது. எண்ணிறந்தோர் ஒருங்கே வினவினும் நாம் காத்துக்கிடப்பதில்லை. இவ்வியப்பிற்கு அடிகோலிய அறிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஆக்னர் கிராரூப் ஏர்லாங் என்பார், டென்மார்க் நாட்டு லோன்போர்க் என்னும் சிற்றூரில் 1878ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பள்ளியாசிரியர். பதினான்காம் வயதிலேயே, தனி அனுமதி பெற்று, பல்கலைக்கழகத்தின் முதனிலைத் தேர்வில் தேறினார். 1901இல் கோபன்ஹேகனில் கணிதப் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் ஆசிரியராயிருந்தார். 1908இல் அந்நகரத் தொலைபேசிக் கம்பெனியில் அமர்ந்தார்.

ஆங்கு அவரை எதிர்கொண்ட வினா ஒன்றே. கம்பிகள் குறையின் மக்கள் காத்திருப்பர். மிகின் பொருள் வீணாம். எத்துணைக் கம்பிகள் வேண்டும் என்பதைக் கட்டுமுன் அறிதல் எங்ஙனம்? ஒருவர் எப்பொழுது அழைப்பார் என்பதை எவரும் அறியார்; ஆயினும் பல்லோர் அழைப்புகளைத் தொகுத்து நோக்கின் அவை ஒரு கணித விதிக்கு அடங்கும் என 1909இல் காட்டினார். காத்திருத்தலை அளக்கும் வாய்பாடுகளை 1917இல் வெளியிட்டார். ஏட்டோடு நின்றாருமல்லர், தெருக்குழிகளில் ஏணியிட்டு இறங்கியும் கம்பிகளைச் சோதித்தார்.

அக்கணிதம் உணர்த்தும் உண்மை வியப்புக்குரியது. வருகையும் வேலையளவும் தற்செயலாய் அமையும் ஒரு சாளரத்தில், வேலை பாதிநேரம் இருப்பின், வந்தவர் முடித்துச் செல்லச் சராசரியாக வேலைநேரத்தைப்போல் 2 மடங்கு ஆகும். நூற்றுக்குத் தொண்ணூறாயின் 10 மடங்காகும். சுமை சிறிதே ஏற, துன்பம் பெரிதே ஏறுகின்றது.

இக்காலத் தேடுபொறியில் ஒரு வினா பல கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றது. மிகப் பிந்தும் கணினியே விடையைத் தாமதிக்கும். இதற்கு வாய்பாடு மட்டும் போதாது. ஆதலின் பொறியியலார் கணினியினுள் ஒரு பாவனைப் பொறியை அமைத்து, தற்செயல் இடைவெளியில் பொய்வினாக்களை விடுத்து, வரிசை நீளுமிடத்தைக் கண்டறிகின்றனர். ஒரு கணினியும் வாங்குமுன்னரே தேவையை அறிய முயலும் இம்முறை, ஏர்லாங் எழுப்பிய வினாவின் வழித்தோன்றலே.

மணம் செய்யாது ஆராய்ச்சியிலேயே வாழ்ந்த அவர், 1929 பிப்ரவரி 3இல், தம் 51ஆம் வயதில் மறைந்தார். தொலைபேசிச் சுமையின் அலகு 1946 முதல் அவர் பெயரையே தாங்குகின்றது. ஒரகடத்து ஆலைவாயிலில் சுமையுந்துகள் நிரல்பட நிற்பதைக் காணும்பொழுதும் நமக்கு அவர் நினைவு வருதல் வேண்டும். பிறர் இழக்கும் பொழுதையும் ஒரு பொருட்டாய் எண்ணிக் கணக்கிட்டவர் அவர்.